சேம அச்சும் ஸ்டெப்னியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப் பூரத் தேர் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் சொந்தக்காரர்களோடு குற்றாலம் கிளம்பினோம். சாரல் சீஸன். சித்தப்பா ஒரு வாடகை வேன் பேசியிருந்தார். காலை ஐந்தரைக்கெல்லாம் வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. ஆனால், கிளம்புகிற வழியைக் காணோம்!

டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் டார்ச் லைட்டோடு வண்டியைப் பிரதட்சணம் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குத்தவைத்து உட்கார்ந்து, வீல் நட்டுகளில் ஸ்பானர் போட்டு அழுத்திப் பார்த்தார். பேனா மாதிரி ஒரு மீட்டரைப் பாக்கெட்டில் இருந்து எடுத்து, டயர் டயராகக் காற்று அளந்தார். குனிந்து, வண்டிக்கு அடியில் எண்ணெய் ஏதும் சொட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்தார். கடைசியில் பின்பக்கம் போய், ஸ்டெப்னிக்கும் அதே மரியாதை.

சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. ''என்ன தம்பி, வண்டியை ஓட்டப் போறியா, இல்ல ஆரத்தி எடுக்கப் போறியா?''

டிரைவர் சிரிக்கவில்லை. ''அஞ்சு நிமிஷம் அண்ணாச்சி... இங்க பார்க்காட்டி நடுரோட்டுல நின்னு பார்க்கணும்'' என்றார்.

அடுத்த தகராறு ராஜபாளையத்தில். அதிக தூரமில்லை, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் இன்னொரு குடும்பம் பையும் கையுமாகக் காத்திருந்தது. ஏழு பேர். வண்டியில் ஏற்கெனவே பன்னிரண்டு பேர் இருந்தோம்.

''சின்னப் பிள்ளைகதானப்பா... மடியில உக்காந்துக்கும்!''

''பன்னெண்டு பேருக்குத்தான் அண்ணாச்சி பர்மிட்டு.''

''போலீஸ் பிடிச்சா நான் பேசிக்கிறேன்.''

''போலீஸ்கிட்ட பேசிருவீங்க. டயர்கிட்ட யாரு பேசுறது?''

சொன்னவர் இன்ஜினை ஆஃப் செய்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அந்த ஏழு பேருக்கும் தனியாக ஒரு கார் பிடிக்க வேண்டியதாயிற்று. வாசுதேவநல்லூர் தாண்டும்வரை சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் காலையில் இருந்து செய்த எதுவும் புதிது இல்லையே! இதையெல்லாம் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே எங்கேயோ படித்திருக்கிறோமே...

ஸ்டெப்னியில் இருந்து ஆரம்பிக்கலாம்.

ஆரம்ப காலத்து மோட்டார் கார்களில் உபரிச் சக்கரம் என்ற ஒன்றே கிடையாது. பஞ்சர் ஆனால், நடுரோட்டில் டயரைப் பிரித்து, ட்யூபை எடுத்து, ஒட்டி, மறுபடி மாட்ட வேண்டும். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெத்லி என்று ஓர் ஊர். அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆரக்கால் இல்லாத ஒரு வெறும் வளையம். அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே இதைக் கவ்வி மாட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அதையே சக்கரத்துக்கும் வைத்துவிட்டார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அந்தப் பெயரைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டார்கள். நம் ஊர் பஞ்சர் கடைக்காரர் மறக்கவில்லை! பிரேசில் நாட்டுக்காரர்களும் இன்றுவரை அதே பெயரைத்தான் கொஞ்சம் திரித்துச் சொல்கிறார்கள்.

சரி... உபரிச் சக்கரம் என்ற யோசனை 1904-ல்தான் மனிதனுக்கு வந்ததா?

இல்லை. சங்க காலத்தில் உமணர்கள் என்று உப்பு வணிகர்கள் இருந்தார்கள். கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பவர்கள். குடும்பம் குட்டியோடு, வண்டி வண்டியாக வரிசை கட்டிப் போவார்கள். அந்த வண்டியின் அடியில், இருக்கிற அச்சு போதாதென்று இன்னோர் அச்சையும் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. சேமித்து வைத்த அச்சு. அன்றைய ஸ்டெப்னி!

இதை நமக்குச் சொல்வது புறநானூற்றின் 102-வது பாட்டு. பாடியவர் ஒளவையார். அவர் அங்கே வண்டி ரிப்பேர் பற்றிப் பாட வரவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்தார். அந்த இளவரசனுக்கு அவர் சொன்ன உவமைதான் சேம அச்சு. உமணர்களின் வண்டியைப் பற்றி அவர் சொல்கிற காரணங்களைக் கவனியுங்கள்... பூட்டியிருப்பவை இளங்காளைகள், நுகத்தடிப் பழக்கம் போதாது. வண்டியிலோ பாரம் அதிகம். வழியில் பள்ளம் இறங்க வேண்டும், மேடு ஏற வேண்டும். என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே, கீழே ஓர் அச்சு கட்டிவைத்தார்கள்.

இன்றைக்கு ஒரு போக்குவரத்து அதிகாரி எழுதும் விபத்து அறிக்கையிலும் இதே மூன்று காரணங்கள்தான் இருக்கும். அனுபவமில்லாத ஓட்டுநர், அதிக பாரம், மேடு பள்ளமான சாலை!

வேன் என்ற சொல்லுக்கும் ஒரு பயணக் கதை உண்டு. பாரசீகத்தில் கார்வான் என்றால், பாலைவனத்தில் கூட்டமாகப் போகும் வணிகக் கூட்டம். அது ஐரோப்பாவுக்குப் போய் கேரவன் ஆயிற்று. ஆங்கிலேயர்கள் அதன் வாலை மட்டும் வெட்டி எடுத்து வேன் ஆக்கிக்கொண்டார்கள். தமிழில் அந்த வணிகக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். அதன் தலைவன் சாத்துவான். கோவலனின் அப்பா பெயர் நினைவிருக்கிறதா? மாசாத்துவான். பெரிய சாத்துக்குச் சொந்தக்காரர். இன்றைய கணக்கில், ஒரு பெரிய டிராவல்ஸ் முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

கழுதைகளின் மேல் மிளகுப் பொதி ஏற்றிக்கொண்டு இப்படிப்பட்ட கூட்டம் ஒன்று போவதைப் பெரும்பாணாற்றுப்படை வர்ணிக்கிறது. அந்தப் பொதி இரண்டு பக்கமும் ஒத்த கனமாகக் கட்டப்பட்டிருந்ததாம். ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால், மலைப் பாதையில் கழுதை சாய்ந்துவிடும் என்பது அந்த வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது. சாமான்களையெல்லாம் வேனின் கூரைமேல் மலைபோல் அடுக்கிக் கயிறு கட்டுகிற நமக்குத் தெரியவில்லை.

நம் ஊருக்கு மோட்டார் வேன் வந்த கதை ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது. ஹாம்பர்க் நகரத்தில் விடால் என்ற குடும்பம் டெம்போ என்ற பெயரில் மூன்று சக்கர வண்டிகள் செய்துவந்தது. அவர்களோடு சேர்ந்து 1958-ல் பஜாஜ் டெம்போ என்ற கம்பெனி இங்கே உருவானது. பின்னால் நிறுத்தியவர் என்.கே.ஃபிரோடியா. மூன்று சக்கரத்தில் தொடங்கியவர்கள் 1969-ல் மேட்டடாரைக் கொண்டுவந்தார்கள். எழுபது, எண்பதுகளில் பிறந்தவர்களுக்கு நினைவிருக்கும்... கல்யாணப் பெண் அழைப்பா, காது குத்தா, சபரிமலையா... எல்லாவற்றுக்கும் மேட்டடார்தான். வேறு கம்பெனி வண்டியாக இருந்தாலும் பல ஊர்களில் அதையும் 'மேட்டடோர்' என்றே சொன்னார்கள். 1984-ல் மாருதி வேன் வந்தது. 1987-ல் டெம்போ டிராவலர் வந்தது. மெர்சிடஸ் கம்பெனியின் வடிவம் அது. பஜாஜ் டெம்போ 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மேட்டடார் போய்ச் சேர்ந்துவிட்டது. டிராவலர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ராஜபாளையம் பக்கம் வேனின் தேவை ஒரு படி அதிகம். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா இங்கே ராஜபாளையம் மில்லை ஆரம்பித்தார். பிறகு ஊரைச் சுற்றி நூற்பு ஆலைகள் பெருகின. பக்கத்தில் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். மில் என்றால் ஷிப்ட் உண்டு. ஷிப்ட் என்றால் ராத்திரி பகல் பாராமல் கிராமங்களில் இருந்து ஆட்களை அழைத்து வர வேண்டும். அதுவும் பெரும்பாலும் பெண்கள். டவுன் பஸ் இல்லாத நேரத்தில் வேன்தான் கதி. காலையில் ஸ்கூல் வேன், மாலையில் மில் வேன், கார்த்திகை பிறந்தால் சாமி வேன். திருமங்கலத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலைக்கு ஒரு காலத்தில் எண் 208. இப்போது 744. எண் மாறியது. அந்தச் சாலையில் வேன்களின் ஓட்டம் மாறவில்லை.

இப்போது ராஜபாளையத்துச் சண்டைக்கு வருவோம். பன்னிரண்டு பேர் ஏறுகிற வண்டியில் பத்தொன்பது பேர் ஏறினால் என்ன குடி முழுகிவிடும்?

திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். மயிலிறகுதானே, எடையா இருக்கப்போகிறது என்று ஏற்றிக்கொண்டே போனால், கடைசியில் அந்த மயிலிறகே வண்டியின் அச்சை முறித்துவிடும் என்கிறார். ''சின்னப் பிள்ளைகதானப்பா'' என்று சித்தப்பா சொன்னது அந்த மயிலிறகைத்தான். ஆளுக்குச் சராசரி 50 கிலோ என்றாலும், ஏழு பேர் 350 கிலோ. ஏழு அரிசி மூட்டைகள்! ''அண்ணாச்சி, ஏழு மூட்டை அரிசியை மடியில வெச்சுக்கிறீங்களா?'' என்று டிரைவர் கேட்டிருந்தால் சித்தப்பா ஒப்புக்கொண்டிருப்பாரா?

வேனில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. வேன், காரைவிட உயரமானது. ஆட்கள் ஏற ஏற, எடை மேல் பக்கமும் பின் பக்கமும் சேருகிறது. திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால், கார் என்றால் சறுக்கும். வேனோ உருளப் பார்க்கும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001-ல் இதைப் பற்றி நாட்டு மக்களுக்கே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பதினைந்து பேர் உட்காரும் வேன்களின் விபத்துகளை அலசிப் பார்த்தார்கள். வேறு வண்டியோடு மோதாமல், வேன் தானாகச் சிக்கும் விபத்துகள். பத்து பேரோ அதற்கு மேலோ இருந்த வேன்கள், குறைவான ஆட்களோடு போன வேன்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விகிதத்தில் உருண்டிருந்தன. கவனியுங்கள்... பத்து பேர் என்பது அந்த வேனுக்கு அனுமதித்த கணக்குக்குள்தான்! அனுமதித்த அளவிலேயே இந்த நிலைமை என்றால், மடியில் உட்காரவைத்தால் என்ன ஆகும்?

நம் ஊர்ச் சட்டமும் சும்மா இல்லை. 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம், ஆறு பேருக்கு மேல், பன்னிரண்டு பேர் வரை ஏற்றும் வாடகை வண்டிக்கு மேக்ஸி கேப் என்று பெயர் வைத்திருக்கிறது. டிரைவர் இந்தக் கணக்கில் சேர மாட்டார். எங்கள் டிரைவர் சொன்ன 'பன்னெண்டு' இதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் வண்டி கிளம்புவது பற்றி. இனிமேல்தான் முக்கியமான விஷயம். வண்டியை நிறுத்துவது!

அதற்கு முந்தின நாள் பார்த்த ஆண்டாள் தேருக்குப் போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. மரச் சக்கரங்களோடு ஓடிய காலத்தில் அது நிலைக்கு வந்து சேர நாள்கணக்கில் ஆகும் என்று ஊர்ப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். இப்போது இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் வந்து, அன்றன்றைக்கே நிலைக்கு வந்துவிடுகிறது.

தேர் என்றால் நமக்கு ஞாபகம் வருவது வடம் பிடிப்பவர்கள். ஆயிரம் பேர் இழுப்பார்கள், கோஷம் போடுவார்கள், டி.வி. கேமரா அவர்களைத்தான் காட்டும். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, கையில் ஆப்பு மாதிரி ஒரு மரக்கட்டையோடு சிலர் குனிந்தபடியே ஓடிவருவார்கள். பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்துக்கு முன்னால் அந்தக் கட்டையைச் சரியான நேரத்தில், சரியான கோணத்தில் போட்டால் தேர் திரும்பும். இன்னொரு விதமாகப் போட்டால் நிற்கும். ஒரு நொடி பிசகினால் கை போய்விடும், உயிரும் போகலாம். அந்தக் கட்டைக்குப் பெயர்தான் முட்டுக்கட்டை!

'எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுறான்' என்று நாம் ஒருவரைத் திட்டுகிறோம். தேர் ஓடுகிற ஊர்க்காரனுக்குத் தெரியும்... முட்டுக்கட்டை போட ஆள் இல்லையென்றால் தேரில் ஒருத்தரும் வடம் தொட மாட்டார்கள். இழுக்க ஆயிரம் பேர் வேண்டும். நிறுத்தத் தெரிந்தவர்கள் பத்து பேர் போதும். அந்தப் பத்து பேர் இல்லாவிட்டால் ஆயிரம் பேருக்கும் ஆபத்து.

திருவாரூர் ஆழித் தேர் பல வருடங்கள் ஓடாமல் கிடந்து, 1970-ல் கருணாநிதி முதல்வராக இருந்தபோது மறுபடி ஓடியது. அதற்கும் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. பாய்லர் செய்கிற கம்பெனி தேருக்கு பிரேக் செய்தது! அவ்வளவு எடையை நிறுத்துவது சாமானிய வேலை இல்லை என்பதுதான் காரணம். உயரமும் எடையும் எவ்வளவு பொல்லாதவை என்பதை 2022-ம் வருடம் இரண்டு முறை பார்த்தோம். ஏப்ரல் 27-ம் தேதி அதிகாலை, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அடுத்து ஜூன் மாதம், தர்மபுரி மாவட்டம் மாதேஅள்ளியில் தேர் கவிழ்ந்து 2 பேர் இறந்தார்கள்.

தேரில் இருந்து வேனுக்கு வருவோம். அன்றைக்குக் குற்றாலத்தில் தலை நனைக்க இடமில்லை. அவ்வளவு கூட்டம். ''பாலருவிக்குப் போயிருவோம்'' என்றார் சித்தப்பா. செங்கோட்டை தாண்டி, புளியரை 'எஸ்' வளைவில் மேலே ஏறி, ஆரியங்காவு வழியாகப் போக வேண்டும். போய்க் குளித்துவிட்டு, சாயங்காலம் திரும்பி இறங்கினோம்.

இறக்கத்தில் டிரைவர் வண்டியை உறுமவிட்டபடியே, மெதுவாக, கீழ் கியரிலேயே இறக்கினார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்துத் தள்ளின.

''இறக்கம்தானப்பா... நியூட்ரல்ல விட்டா டீசலாவது மிச்சமாகும்ல?'' - சித்தப்பா.

''ஏறின கியர்லயேதான் அண்ணாச்சி எறங்கணும். டீசல் மிச்சமாகும். நாம மிச்சமாகணும்ல?''

இதில் உள்ள சூட்சுமத்தை விளக்க வேண்டும். கீழ் கியரில் இறங்கும்போது இன்ஜினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடி போய்விடும். மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் பழுக்கக் காய்ந்து, பிடிக்கிற சக்தியை இழந்துவிடும். பிரேக் ஆயிலுக்குக் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற குணம் உண்டு. வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்தால், அந்தத் தண்ணீர் சூட்டில் ஆவியாகும். அப்போது பெடலை மிதித்தால் கால் பஞ்சில் வைத்ததுபோல் உள்ளே போகும். பிரேக் பிடிக்காது. 'பிரேக் ஃபெயிலியர்' என்று பேப்பரில் ஒரு வரியில் படிக்கிறோமே, அதில் பல கதைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. இன்னும் சிலர் டீசலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் இன்ஜினையே ஆஃப் செய்துவிடுவார்கள். இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கு உதவி விசை கிடைக்கும். ஆஃப் செய்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போவதைவிட 80-ல் போனால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும்! 60-ல் போகிறபோது டிரைவர் ஒரு வினாடி கண்ணயர்ந்தால், வண்டி 17 மீட்டர் தன்பாட்டுக்குப் போயிருக்கும். சபரிமலை சீஸனில் ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே நடக்கும் விபத்துகளுக்குப் பின்னால் இந்த ஒரு வினாடி இருக்கிறது. ''தூக்கம் வந்தா நான் ஓரங்கட்டிருவேன் சார். சாமிமாருங்க ஏசுவாங்க. ஏசிட்டுப் போகட்டும்'' என்றார் அந்த டிரைவர்.

டயரும் அப்படித்தான். காற்று குறைந்த டயர், உருள உருளப் பக்கவாட்டில் நசுங்கி நசுங்கிச் சூடேறும். பாரமும் வெயிலும் சேர்ந்தால் வெடிக்கும். ஓடிச் சூடான டயரில் அளந்தால் காற்று அதிகம் இருப்பதுபோல் பொய்க் கணக்குக் காட்டும். அதனால்தான் அந்த மனிதர் விடிகாலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே மீட்டரோடு உட்கார்ந்தார். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் அந்த டயரில் ஓட்டக் கூடாது என்பது சட்டம். வீல் நட் விஷயத்துக்கும் வள்ளுவர் சாட்சி இருக்கிறார். உருண்டுபோகிற பெரிய தேருக்கு அச்சாணி எவ்வளவு சின்னது, அதற்காக அதை அலட்சியமாக நினைக்கலாமா என்று கேட்கிறவர் அவர்.

'அதுக்குத்தான் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டுறோமே' என்று சிலர் சொல்லலாம். 2018-ல் விதி மாறியது. வாடகை வண்டிகளுக்கு முதல் எட்டு வருடங்கள் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகுதான் வருடா வருடம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைப் பார்ப்பது ஒரு நாள். மீதி நாட்கள் பார்க்க வேண்டியது நாம்.

2012 ஜூலையில் சென்னைக்கு அருகே தாம்பரம் பக்கம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிப் பேருந்தின் தரையில் ஓட்டை. இரண்டாம் வகுப்புப் படித்த சிறுமி அதன் வழியே சாலையில் விழுந்து, அதே வண்டியின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். எஃப்.சி. முடித்து அதிக நாள் ஆகாத வண்டி அது. நாடே கொதித்தது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளைத் தமிழக அரசு அந்த வருடமே கொண்டுவந்தது. இன்றைக்கும் கோடை விடுமுறை முடிவதற்குள் மாவட்டந்தோறும் மைதானத்தில் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அதிகாரிகள் ஏறி இறங்கிச் சோதிக்கிறார்களே... அந்தக் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டை ஒரே நாளில் விழுந்திருக்காது. தினமும் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். 'பார்த்துக்கலாம்' என்று விட்டிருப்பார்கள். ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தோம். சித்தப்பா வீட்டுத் தெரு கொஞ்சம் சரிவு. எல்லோரும் இறங்கி, தூங்கி வழியும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பிறகு சீட்டுக்கு அடியில் இருந்து ஆப்பு மாதிரி ஒரு மரக்கட்டையை எடுத்துவந்து, பின்சக்கரத்துக்கு அடியில் வைத்துக் காலால் தட்டி இறுக்கினார். முந்தின நாள் ரத வீதியில் பார்த்த அதே சாமான், அளவில் சின்னது!

சித்தப்பா பேசிய வாடகையை எண்ணிக் கொடுத்தார். அப்புறம் ஒரு நிமிடம் நின்று யோசித்து, மேலே இருநூறு ரூபாயை அவர் சட்டைப் பையில் செருகினார். ''நல்லபடியா கொண்டாந்து சேர்த்துட்டப்பா'' என்றார். காலையில் ஆரத்தி என்று கேலி பேசிய அதே வாய்.

ஒளவையார் ஓர் இளவரசனைப் புகழ நினைத்தபோது சிங்கம், புலி, சூரியன் எல்லாம் அவர் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் தூசி படிந்து தொங்கும் ஓர் உபரி அச்சைத் தேர்ந்தெடுத்தார். ஒன்றும் ஆகாத நாளில் அது யார் கண்ணிலும் படாது. ஏதாவது ஆகிற நாளில் அது இல்லாமல் யாரும் ஊர் போய்ச் சேர முடியாது. அந்த வேலையின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த முறை வேனில் ஏறப் போகும்போது, டிரைவர் டார்ச்சோடு வண்டியைச் சுற்றி வந்தால், அவசரப்படுத்தாதீர்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். அவர் சுற்றாமல் ஏறி உட்கார்ந்துவிட்டால், நீங்கள் இறங்கி ஒரு சுற்று சுற்றி வாருங்கள்!